முதிரை நிலையில் ஒரு வரி

மூன்று வாரத்துக்கு மேலாக என் சொந்த வீட்டுக்கு நான் பின்பக்கத்துக் குசினி வாசலால்தான் போய் வந்தேன். கேட்டவர்களிடம் முன்வாசலில் பெயின்ற் காயவில்லை என்றேன். காய்வதற்கு அங்கே புதுப் பெயின்றே இல்லை. இருந்த பழையதிலும் பாதியை நானே சுரண்டி எடுத்திருந்தேன். எல்லாம் அந்தச் சுரண்டலில்தான் தொடங்கியது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. ஒரு கணினி, ஒரு அச்சு இயந்திரம், ஒரு போட்டோக்கொப்பி இயந்திரம். கலியாண அட்டையும் அடிப்பேன், ஆனால் என் பேர் நிலைத்தது கல்வெட்டில். கல்லில் வெட்டுகிற கல்வெட்டு அல்ல. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம் அது. முன்னால் படம், பிறகு தேவாரம், பிறகு அவரது பிறப்பு, படிப்பு, உத்தியோகம், குணநலன். இருபத்தைந்து வருடமாக இறந்தவர்களுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுப்பது என் தொழில். எங்கள் வலிகாமப் பகுதி ஆவிகளில் பாதி எனக்குக் கடமைப்பட்டவை, ஆகவே எனக்கு ஆவிப் பயம் கிடையாது என்று சொல்லித் திரிந்தவன் நான்.

அயலில் கனடாவிலிருந்து வந்து வீடு திருத்தியவர்கள் பழைய கதவு நிலைகளைச் சுரண்டி வார்னிஷ் பூசியிருந்தார்கள். மரத்தின் வரியோட்டம் வெளியே தெரிய வேண்டுமாம், இப்போது அதுதான் மதிப்பாம். என் மனைவிக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. எங்கள் முன்வாசல் நிலை நல்ல முதிரை மரம். அதன்மேல் பச்சைப் பெயின்ற் ஏழெட்டுப் பூச்சு. வருகிறேன் என்ற பெயின்ரர் வராததால் ஒரு ஞாயிறு காலை நானே ஏணி வைத்து ஏறினேன்.

மேல் குறுக்குமரத்தில், மனைவி வெள்ளிக்கிழமைதோறும் மூன்று குறி திருநீறு பூசி நடுவில் சந்தனப் பொட்டு வைக்கும் இடத்தில், பெயின்ற் உரிந்ததும் வெள்ளையாய், துளை அடைக்கும் மக்கு தெரிந்தது. உளி நுனியால் மெல்லத் தட்டினேன். மக்கு பொரிந்து விழுந்தது. ஒரு வளைவு வந்தது. பிறகு ஒரு படகு போல ஒன்று, படகின் கீழே புள்ளிகள். பூங்கொடி வேலைப்பாடு என்று நினைத்துச் சந்தோஷமாகத் தட்டிக்கொண்டே போனேன். ஒரு முழம் வெளிவந்த பிறகுதான் அது கொடி இல்லை, அரபு எழுத்து என்று தெரிந்தது. ஏணியால் இறங்கிய ஞாபகம் எனக்கு இல்லை. கீழே நின்ற ஞாபகம்தான் இருக்கிறது.

மனைவி வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, பாம்போ?"

"இல்லை. எழுத்து."

"எழுத்துக்கோ உப்பிடி வேர்க்குது? நீங்கள் நாள் முழுக்க எழுத்தோடை தானே இருக்கிறியள்."

அவளும் அண்ணாந்து பார்த்தாள். இருபது வருடமாகத் தான் திருநீறு பூசிய இடம் அவளுக்கும் விளங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து நிலை 'டக், டக்' என்றது.

அதொன்றும் புதிய சத்தம் இல்லை. வெய்யில் ஏறி மரம் விரியும்போது மத்தியானத்தில் அந்த நிலை இரண்டு தரம் தட்டும். உயிரோடு இருந்த காலத்தில் என் அம்மா எத்தனையோ தரம் அடுப்படியிலிருந்து எழும்பிப் போய்க் கதவைத் திறந்து பார்த்து, "ஒருதரும் இல்லை" என்று சொல்லிக்கொண்டு திரும்பியிருக்கிறா. வீட்டில் அது ஒரு பகிடி. அந்த ஞாயிறு மட்டும் அது பகிடியாக இருக்கவில்லை. நான் குசினிப் பக்கமாகச் சுற்றி வீட்டுக்குள் போனேன். அன்றைக்குத் தொடங்கியதுதான் அந்தக் குசினி வாசல் பழக்கம்.

அந்த நிலை எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று நெடுங்காலம் வைத்திருந்தேன், அவ்வளவுதான். சண்டைக்கு இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஆறு மாதம் கிடந்துவிட்டு வந்து பார்த்தால் எங்கள் முன்வாசலில் கதவும் இல்லை, நிலையும் இல்லை. யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் இருந்த ஓட்டையால் ஆடுகள் போய் வந்தன. ஒரு கிழமையால் அப்பா எங்கிருந்தோ ஒரு நிலையும் கதவும் வாங்கி வந்தார். இரண்டு சைக்கிள்களுக்குக் குறுக்கே கட்டி அதைத் தள்ளிக்கொண்டு வந்தது அவரும் இருபது வயது நானும். அப்போதே மேல்மரத்தில் செதுக்கல் இருந்தது. வந்த அன்றே அப்பா மக்குக் குழைத்து, அந்தச் செதுக்கலைப் பல்லுக் குழி அடைப்பது போல ஒவ்வொன்றாக அடைத்தார். வடிவாய் இருந்ததை ஏன் அடைக்கிறீர்கள் என்று கேட்டேன். தூசி அடையும் என்றார். நான் அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல நாள் பார்த்து, மாவிலை கட்டி, நவதானியம் போட்டு நிலை வைத்தோம்.

அதற்கு ஆறு வருடம் முந்தி, தொண்ணூறாம் ஆண்டில், யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனங்களை இயக்கக்காரர் ஒரே நாளில் துரத்தினார்கள். கையில் கொள்ளக்கூடியதோடு அவர்கள் போனார்கள். வீடுகள் நின்றன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓடு, மரம், கதவு, நிலை என்று வீடுகளும் போயின. அவை எங்கே போயின என்று எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்டதில்லை. எங்கள் வீட்டுச் சாமான் போனது எங்கே என்று மட்டும் கேட்டோம்.

திங்கட்கிழமை கடைக்குப் போய்க் கணினியில் உட்கார்ந்தேன். அந்த வரி ஒரு சாபம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. என்ன சாபம், எத்தனை தலைமுறைக்கு என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. தேடினால் குர்ஆன் முழுவதையும் அரபில் போட்டு, பக்கத்தில் தமிழ்ப் பொருளும் கொடுத்து, தேடுவதற்கு ஒரு பெட்டியும் வைத்த இணையத்தளம் ஒன்று கிடைத்தது. தொட எனக்குத் தகுமோ என்று முதலில் யோசித்தேன். காலையில் சாப்பிட்டது மீன் குழம்பு. கையை இரண்டாம் தரமும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து இருந்தேன்.

கணினியில் அரபு விசைப்பலகையைப் போட்டேன். இருபத்தைந்து வருடம் கண்ணை மூடிக்கொண்டு தமிழ் அடித்த கை, ஒற்றை விரலால் தட்டத் தொடங்கியது. அடிக்கும் எழுத்து வலப்பக்கத்தில் முளைத்து இடப்பக்கம் நடந்தது. தனியாக நின்ற எழுத்து, அடுத்தது வந்ததும் வாலை மடக்கி அதன் கையைப் பிடித்துக்கொண்டது. போனில் எடுத்து வந்த படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, படகுக்குப் படகு, புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டு, தெளிவாகத் தெரிந்த ஒரு சொல்லை அடித்து முடிக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

தேடச் சொன்னேன். ஒரு பட்டியல் வந்தது. அந்தச் சொல்லின் பொருள் வீடுகள். தேனீக்கு மலைகளில் வீடு கட்டச் சொல்லும் வசனம் ஒன்று இருந்தது. அதோடு என் மனம் நின்றிருக்கலாம். வேறொன்றில், அநியாயம் செய்த ஒரு கூட்டத்தாரின் வீடுகள் வெறிச்சோடிக் கிடப்பதாக இருந்தது. நான் அதில் நின்றேன். பட்டியலில் மிச்சம் இருந்த நல்ல வசனங்கள் எல்லாம் எனக்குச் சம்பந்தமில்லாதவையாகப் பட்டன. கிணற்றடிச் சுவர் வெடித்தது, தென்னையில் குரும்பை உதிர்ந்தது, மகள் உயர்தரப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டது, எனக்குப் பிரஷர் வந்தது எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் காரணம் கிடைத்துவிட்டது. மகள் படிக்காதது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவள் குற்றமற்றவள்.

அடுத்த நாள் ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் தமையனின் கல்வெட்டுக்கு விஷயம் கொண்டு வந்து என் முதுகுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தார். பெயரை அடித்தேன். கணினியை அரபிலேயே விட்டுவிட்டுப் போனது எனக்கு ஞாபகமில்லை. அமரரின் பெயர் வலப்பக்கத்தில் முளைத்து இடப்பக்கமாக ஓடியது. தலைமை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"தம்பி, அண்ணை சைவத்திலைதான் செத்தவர்" என்றார்.

மன்னிப்புக் கேட்டுத் தமிழுக்கு மாற்றினேன். குணநலன் பகுதிக்கு வந்தேன். அதற்கு நான் அடித்து வைத்த வரிகள் கணினியிலேயே இருக்கின்றன, ஒரு விசையைத் தட்டினால் வந்து விழும். தட்டினேன். 'பிறர் பொருளைத் தொட்டறியாதவர்' என்று வந்தது. அப்பாவின் கல்வெட்டிலும் அதே இடத்தில் அதே வரியை நான்தான் போட்டிருந்தேன். கை விசையின்மேல் அப்படியே நின்றுவிட்டது. தலைமை ஆசிரியர் கணினி பழுதோ என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு மறுபடி ஏணியில் ஏறினேன். மிச்ச மக்கைத் தட்டி எடுத்தேன். அப்பா எவ்வளவு கவனமாக அடைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு புள்ளியைக்கூட விடவில்லை. அவ்வளவு கவனம் தூசிக்கு வராது. படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பழைய சொல்லோடு அடுத்து வந்த இரண்டு சொற்களையும் சேர்த்து அடித்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டியல் சுருங்கியது. சுருங்கிச் சுருங்கி ஒன்றே ஒன்றில் நின்றது. பக்கத்தில் தமிழ் இருந்தது. உங்களுடையதல்லாத வீடுகளுக்குள், அங்கே இருப்பவர்களிடம் கேட்காமலும் அவர்களுக்குச் சலாம் சொல்லாமலும் நுழைய வேண்டாம் என்பது அதன் கருத்து.

சாபம் இல்லை. மரியாதைதான். சாபமாக இருந்திருந்தால் ஐயரைக் கூப்பிட்டு ஏதாவது பரிகாரம் செய்திருப்பேன். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் என்று பார்த்தாலும் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்த வரியின் கீழால் நுழைந்திருக்கிறேன். ஒரு தரமும் யாரையும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணம் ஐந்து சந்திக்குப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான தையல்காரர் ஒருவர் இருக்கிறார். தொண்ணூறில் துரத்தப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் முறையில் நான் அவரை நானா என்பேன். என் வயிறு பெருக்கப் பெருக்கக் காற்சட்டை இடுப்பை விரித்துத் தருபவர், இனித் துணி இல்லை, சுவரைத்தான் இடிக்க வேண்டும் என்று நக்கலடிப்பவர். அவரிடம் போய்ப் படத்தைக் காட்டினேன். இது யாரோ ஒரு ஆளின் வீட்டில் கிடக்கிறதாம், அவர் கேட்டு வரச் சொன்னார் என்று ஒரு பொய்யும் சொன்னேன்.

நானா படத்தைப் பார்த்தார். தையல் இயந்திரத்தின் காலை நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த ஆளும் உம்மைப் போலத்தான் வேர்ப்பாரோ?"

உண்மையைச் சொன்னேன். மூன்று வாரமாகக் குசினி வாசலால் போவதையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கடையைச் சாத்திவிட்டு என்னோடு பஸ் ஏறினார்.

எங்கள் வேலிப் படலையடியில் வந்ததும் நின்றுவிட்டார். வாருங்கோ என்று நான் உள்ளே போய்விட்டேன், அவர் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் வெய்யிலில் நின்றுகொண்டிருந்தார். என் மனைவி வெளியே வந்து கூப்பிட்ட பிறகுதான் வந்தார். முன்பு இரண்டொரு தரம் உடுப்புக் கொண்டு வந்தபோதும் அவர் இப்படித்தான் படலையடியிலேயே நின்றவர். அதை நான் வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

அண்ணாந்து நின்று அந்த வரியை அவர் ஒரு மூச்சில் ஓதினார். எனக்கு இரண்டு ஞாயிறும் ஒரு கணினியும் தேவைப்பட்ட வேலை அது. தங்கள் தெருவில் ஒரு தச்சர் இருந்தார், கேட்டவர்களுக்கெல்லாம் இதே வரியைச் செதுக்கிக் கொடுத்தார், நாலைந்து வீட்டில் இருந்தது, எந்த வீட்டினது என்று சொல்ல முடியாது என்றார். போனில் படமெடுத்துப் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் இருக்கும் ஊர்ச் சனத்துக்கு அனுப்பினார். தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். போகும்போதும் நக்கலடிக்கவில்லை. அது எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

நாலாம் நாள் நானா ஒரு குரல்பதிவை எனக்கு அனுப்பிவைத்தார். ஒரு வயதான பெண்ணின் குரல். பின்னால் கோழி கத்தியது.

"தம்பி, அது எங்கட வாசல் எண்டா இடப்பக்கக் காலிலை உள்பக்கமா நாலு வெட்டு இருக்கும். புள்ளையளை நிப்பாட்டி அவங்கட வாப்பா கத்தியாலை வெட்டினது. மூண்டாவது மட்டும் சரிவு. அவன் நிண்ட இடத்திலை நிக்கமாட்டான். பாத்துச் சொல்லுங்கோ."

மனைவியும் நானும் நிலைக்கு முன்னால் குந்தினோம். கால்களை நான் இன்னும் சுரண்டியிருக்கவில்லை, பச்சைப் பெயின்றில் ஒன்றும் தெரியவில்லை. உளியால் சுரண்டினேன். இடுப்புயரத்துக்குச் சற்று மேலே மக்கு வந்தது. அதைத் தட்டினேன். ஒரு வெட்டு. கீழே இன்னொன்று. அதற்குக் கீழே மூன்றாவது, சரிவாய். நாலாவது என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அப்பா அவற்றையும் அடைத்திருந்தார். பிள்ளைகளின் உயரம் என்று அவருக்கு விளங்காமல் இருந்திருக்காது. எங்கள் பழைய நிலையிலும் எனக்கு அப்படி வெட்டி வைத்தவர் அவர்தான். அது போய்விட்டதே என்று அம்மா அழுதபோது பக்கத்தில் நின்றவரும் அவர்தான்.

"சொல்லப்போறியளோ?" என்று மனைவி கேட்டாள்.

பெயின்றுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று ஒரு வரி அனுப்பினால் போதும். போனைக் கையில் எடுத்து அதைத் தமிழில் அடித்தும் விட்டேன். அந்த மூன்றாவது வெட்டு கண்ணுக்கு நேரே இருந்தது. அடித்ததை அழித்துவிட்டுப் படமெடுத்து அனுப்பினேன். பதிலாக நானாதான் பேசினார். மூன்றாவது பிள்ளை புத்தளம் முகாமில் முதல் வருடமே காய்ச்சலில் மௌத்தாகிவிட்டது, வரும்போது ஒரு படமும் கொண்டு வரக் கிடைக்கவில்லை என்றார்.

இரண்டு கிழமையால் அந்த அம்மா வந்தார். மகன் வான் ஓட்டி வந்தார், நானாவும் கூட வந்தார். காலை பத்து மணி இருக்கும். எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், ஆனாலும் முன்வாசலில் அந்தக் குரல் சலாம் சொன்னபோது நான் கதிரையிலேயே இருந்தேன். உள்ளே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். பதில் கிடைத்தால்தான் வெளியே நிற்பவர் வரலாம். உள்ளே இருந்தது நான். அவருடைய வாசலுக்கு உள்ளே இருந்துகொண்டு அவரை வரலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் தரமும் சலாம் சொன்னார். மனைவி என்னை இடித்தாள். நான் எழும்பிக் குசினிப் பக்கமாக ஓடினேன். அவளும் என்ன நினைத்தாளோ, பின்னாலேயே வந்தாள். இரண்டு பேரும் கிணற்றடியால் சுற்றி முன்பக்கம் வந்து அவருக்குப் பின்னால் நின்றோம். நானா எங்களைப் பார்த்து, முதல் தரமாக அன்றைக்குச் சிரித்தார்.

அந்த அம்மா திரும்பினார். எழுபத்தைந்து வயது இருக்கும்.

"உள்ளுக்கு ஆரும் இருக்கினமோ மகன்?"

"ஒருதரும் இல்லை உம்மா. நீங்கள் போங்கோ" என்றேன்.

அவர் வலக்காலை வைத்து உள்ளே போனார். மகன் போகவில்லை. நாங்களும் போகவில்லை. வெளியே நின்று பார்த்தோம். அவர் மேலே எழுதியிருந்ததை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நேரே நிலையின் இடப்பக்கக் காலடியில் உட்கார்ந்து மூன்றாவது வெட்டில் பெருவிரலை வைத்தார். 'டக்' என்று நிலை ஒரு தரம் தட்டியது. அவர் திடுக்கிடவில்லை. இன்னும் தட்டுதோ என்று அதைத்தான் கேட்டார். நான் ஓம் என்றேன்.

அப்பாவைப் பற்றி ஒரு விளக்கம் தயார் செய்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டு நிலையும் போனது, அவரும் வாங்கித்தான் வந்தார், காலம் அப்படி என்று கல்வெட்டுத் தமிழில் நல்லாய் ஓடும் மூன்று வசனம். அதை விட்டுவிட்டேன். அப்பா மக்கு வைத்து அடைத்தவர், எனக்கும் தெரியும் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

எழும்பி வந்து என் மனைவியின் கையைப் பிடித்தார்.

"வாசலைக் கொண்டு போகப் போறன். குறை நினைக்காதீங்கோ மகள்."

நாங்கள் குறை நினைக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு கல்வெட்டு. வார்னிஷ் வாங்கி வைத்த தகரம் குசினியில் அப்படியே கிடக்கிறது. ஆனால் இல்லை என்று சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த கிழமை மேசன் வந்து நிலையை உடையாமல் பெயர்த்தார். மக்குப் பூசியிருந்த பக்கமாக நானும் ஒரு கை பிடித்து அவர்களின் வானில் ஏற்றினேன். நானாவின் தெருவில் அவர்களின் பழைய வளவில் இரண்டு அறை கட்டுகிறார்கள்.

கல்வெட்டு வேலை இப்போதும் நடக்கிறது. அந்த வரியைக் கணினியிலிருந்து அழிக்கவில்லை. குணநலன் பகுதிக்கு வந்ததும் பின்னால் இருப்பவரைத் திரும்பிப் பார்த்து, இதைப் போடட்டோ என்று கேட்கிறேன். எல்லாரும் போடச் சொல்கிறார்கள். சிலர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்கிறார்கள்.

புது நிலைக்குச் சொல்லியிருக்கிறோம், தச்சர் இன்னும் தரவில்லை. முன்வாசலில் இப்போது ஒரு நீலத் தார்ப்பாய்ப் படங்கு தொங்குகிறது. வருகிறவர்கள் தட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் படலையடியில் நின்று வீட்டிலை ஆர் என்று கூப்பிடுகிறார்கள். மத்தியானத்தில், வெய்யில் ஏறுகிற நேரத்தில், முன்பக்கம் இரண்டு தரம் தட்டுகிறது. தட்ட அங்கே மரம் இல்லை. மனைவிக்குக் கேட்பதில்லையாம். நான் எழும்பிப் போய்ப் படங்கை விலக்கிப் பார்க்கிறேன். ஒருதரும் இல்லை. ஆனாலும் உடனே திரும்பி வராமல் கொஞ்ச நேரம் வெளியே நிற்கிறேன், உள்ளேயிருந்து அவள் வாருங்கோ என்று சொல்லும்வரைக்கும்.